போர்ட்ஸ்மவுத் ஒரு நாள் ட்ரிப்: எதை முதல்ல பாக்கணும், எதை கடைசில பாக்கணும் - முழுமையான வழிகாட்டி

ஊர்ல இருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்திருந்தா லண்டன் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தோட தெற்குக் கடற்கரைல இருக்குற துறைமுக ஊரான போர்ட்ஸ்மவுத் கூட்டிட்டு போயிட்டு வருவாங்க. வந்தப்புறம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா பாதி பேரு சொல்றது ஒன்னுதான், "நல்லாதான் இருந்துச்சு, ஆனா பெரிய கப்பலுக்குள்ள போறதுக்குள்ள மூடிட்டாங்க." ஊர் அவ்ளோ ஒன்னும் பெருசு இல்ல. வரிசை மாறிப் போறதுதான் பிரச்சனை.

இங்க பாக்க வேண்டியது ரெண்டு வகை. டாக்யார்டுன்னு சொல்ற பழைய கப்பல் தளத்தோட கேட்டுக்குள்ள டிக்கெட் வாங்கிப் பாக்குற கப்பல், மியூசியம் எல்லாம் சாயங்காலமே மூடிருவாங்க. கேட்டுக்கு வெளிய இருக்குற கோட்டைச் சுவரு, பழைய தெரு, கடற்கரை எல்லாம் பெரும்பாலும் திறந்தே கிடக்கும், காசும் கிடையாது. அதனால காலைல உள்ள, சாயங்காலம் வெளிய. கீழ இருக்குற ஸ்டெப் எல்லாமே இதை வச்சுத்தான்.

1. முந்தின வாரமே முடிக்க வேண்டிய வேலை

டிக்கெட்டை ஆன்லைன்ல எடுங்க. ஹிஸ்டாரிக் டாக்யார்டுக்கு தனித்தனி டிக்கெட்டும் இருக்கு, எல்லாம் சேர்ந்த காம்போவும் இருக்கு. எது எதுல சேரும்ங்கறதை அப்பப்ப மாத்துவாங்க, அதனால போன வருஷம் போன ஃப்ரெண்ட் சொன்னதை நம்பி எடுக்காதீங்க, எடுக்குற பக்கத்துல விக்டரி, மேரி ரோஸ், வாரியர்ங்கிற மூணு பழைய போர்க்கப்பல் பேரும் இருக்கான்னு கண்ணால பாத்துட்டு பணம் கட்டுங்க. பெரிய காம்போ டிக்கெட் வழக்கமா ஒரு வருஷத்துக்கு செல்லும், அப்படி இருந்தா ஒரே நாள்ல எல்லாத்தையும் அடிச்சுப் பிடிச்சு பாக்கணும்னு அவசியமே இல்ல. அந்த மெயிலை டெலிட் பண்ணாம வச்சுக்கோங்க, அது போதும்.

ட்ரெயினுக்கு மூணு பேரோ அதுக்கு மேலயோ போறீங்கன்னா க்ரூப்சேவ்னு ஒன்னு இருக்கு, 3ல இருந்து 9 பெரியவங்க ஆஃப் பீக் நேரத்துல சேர்ந்து போனா மூணுல ஒரு பங்கு குறையும், எந்த கார்டும் தேவையில்ல. இது தெரியாமலே நாலு தனித்தனி டிக்கெட் எடுக்குற குடும்பங்க ஏராளம். குழந்தைங்க இருந்தா நெட்வொர்க் ரெயில்கார்டு இன்னும் லாபம், பசங்க டிக்கெட்ல 60 சதவீதம் குறையுது.

ஞாயித்துக்கிழமைன்னா தண்டவாள வேலை இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. இருந்தா நடுவுல பஸ்ல ஏத்தி விடுவாங்க, வயசானவங்களை கூட்டிட்டு போற நாளுக்கு அது வேண்டாத வேலை.

இன்னொன்னு, துறைமுகத்துக்கு தினமும் எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வருது போகுதுன்னு ஹார்பர் மாஸ்டர் ஆபீஸ் ஆன்லைன்ல லிஸ்ட் போடும். முந்தின நாள் ராத்திரி அதை ஒரு பார்வை பாத்து வைங்க. எதுக்குன்னு ஆறாவது ஸ்டெப்ல சொல்றேன்.

2. சரியான ஸ்டேஷன்ல இறங்குங்க

புதுசா போறவங்க நிறைய பேரு சறுக்குற இடம் இதுதான். லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன்ல ஏறினா ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். கடைசில போர்ட்ஸ்மவுத் அண்ட் சவுத்ஸீன்னு ஒரு ஸ்டேஷன் வரும், பேர்ல ஊர் பேரே இருக்கேன்னு எல்லாரும் மூட்டை முடிச்சோட இறங்கிருவாங்க. இறங்காதீங்க. அது டவுன் நடுவுல இருக்குற ஸ்டேஷன், அங்க இருந்து டாக்யார்டுக்கு இருபது நிமிஷம் கிட்ட நடக்கணும், அதுவும் பாக்க ஒன்னும் இல்லாத ரோட்டுல. அடுத்ததா வர்ற போர்ட்ஸ்மவுத் ஹார்பர்தான் கடைசி ஸ்டேஷன். தண்ணிக்கு மேல தூண் போட்டு கட்டின ஸ்டேஷன் அது, ப்ளாட்ஃபார்ம் பலகை இடுக்குல கீழ பாத்தா சில இடத்துல கடல் தெரியும்.

வெளிய வந்தா ஒரு பக்கம் வாரியர் கப்பல் நிக்கும், எதிர்ல பஸ் ஸ்டாண்ட், பக்கத்துலயே கோஸ்போர்ட் படகுத்துறை, அந்தப் பக்கம் கன்வார்ஃப் கீஸ் கடைங்க. எல்லாமே ஐஞ்சு நிமிஷ நடைக்குள்ள.

எல்லா ட்ரெயினும் ஹார்பர் வரைக்கும் போகாது, நடு வழியில ரெண்டாப் பிரியுற ட்ரெயினும் உண்டு. விக்டோரியால ஏறுறவங்க முக்கியமா எந்தப் பெட்டின்னு அறிவிப்பைக் கேட்டுட்டு உக்காருங்க, நேரமும் அதுல அதிகம். வாட்டர்லூவே நல்லது.

கார்ல வர்றவங்க ஊருக்குள்ள பார்க்கிங் தேடி சுத்தாம எம்275 ஓரத்துல இருக்குற பார்க் அண்ட் ரைடுல விட்டுட்டு பஸ் ஏறுங்க, ஹார்பர் பஸ் ஸ்டாண்ட்லயே இறக்கி விடும். போர்ட்ஸ்மவுத் ஒரு தீவு மேல இருக்குற ஊர், உள்ள வர்றதுக்கு ரோடு கம்மி, கால்பந்து மேட்ச் இருக்குற நாள்ல சொல்லவே வேண்டாம்.

3. கேட்ல செக்கிங்: கையில என்ன இருக்கணும், என்ன இருக்கக் கூடாது

டாக்யார்டுன்னா வெறும் மியூசியம் இல்ல, பக்கத்துலயே இன்னிக்கும் நேவி வேலை பாக்குற தளம். அதனால விக்டரி கேட்ங்கிற நுழைவாசல்ல பையைத் திறந்து பாப்பாங்க. பழம் வெட்ட எடுத்துட்டு வர்ற சின்னக் கத்தி கூட அங்க ஒரு பஞ்சாயத்து ஆயிரும், வீட்லயே வச்சிருங்க. பெரிய சூட்கேஸோட வராதீங்க, ஏர்போர்ட்ல இருந்து நேரா இங்க வர்ற ப்ளான் போடுறவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

செருப்பு விஷயம். கப்பல்ல ஏணி மாதிரி செங்குத்தான படி, ஒவ்வொரு தளத்துக்கும் அதுலதான் ஏறி இறங்கணும். பிடிமானம் உள்ள ஷூ போடுங்க. அம்மாமார் புடவை கட்டியிருந்தா கொஞ்சம் தூக்கிச் செருகிக்கச் சொல்லுங்க, இல்ல சுடிதார் போட்டுக்கிட்டா நிம்மதி. குழந்தை தள்ளுவண்டியை விக்டரிக்குள்ள கொண்டு போக முடியாது, வெளிய விடணும், அதனால கைக்குழந்தைன்னா உடம்போட கட்டிக்கிற கேரியர் எடுத்துக்கோங்க. முட்டி வலி உள்ளவங்களுக்கு மேரி ரோஸ்தான் சரி, அங்க லிஃப்ட் இருக்கு.

ஜாக்கெட் ஜூலைலயும் வேணும். காத்து அப்படி.

4. டாக்யார்டுக்குள்ள போற வரிசை

கேட்டைத் தாண்டினதும் கண்ணுக்கு முன்னாடி கறுப்பா நீளமா நிக்குறது எச்எம்எஸ் வாரியர். எல்லாரும் அதுலயே முதல்ல ஏறிருவாங்க. அங்க ஒரு மணி நேரம், கிஃப்ட் ஷாப்ல அரை மணி நேரம், காபி, அப்புறம் மெதுவா உள்ள நடந்தா விக்டரி வாசல்ல கியூ. அதுக்கு பதிலா வாரியரைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு நேரா கடைசி வரைக்கும் நடங்க. விக்டரியும் மேரி ரோஸும் உள்பக்கம் பக்கத்து பக்கத்துல இருக்கு. திறந்த உடனே போயிட்டா கூட்டமே இருக்காது. வாரியர் கேட் ஓரத்துலதான, வெளிய வரும்போது பாத்துக்கலாம்.

முதல்ல விக்டரி. காரணம், தளங்கள் குறுகலானது, கூரை தாழ்வு, முன்னாடி அம்பது பேரு நின்னா உங்களுக்கு முதுகுதான் தெரியும். 1765ல மிதக்க விட்ட கப்பல், 1805 அக்டோபர் 21 ட்ரஃபால்கர் கடல் சண்டைல பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் செத்தது இதுலதான். மேல் தளத்துல அவர் குண்டு பட்டு விழுந்த இடத்துல ஒரு பித்தளைத் தகடு இருக்கும், அதோட நிறுத்திக்காம கீழ இறங்கிப் போங்க, உயிர் போனது கீழ வெளிச்சமே வராத தளத்துல. அந்த தளத்துக்குப் போனாத்தான் காயம்பட்டவங்களை எப்படிப்பட்ட இடத்துல வச்சு பாத்திருக்காங்கன்னு புரியும். (நெல்சன் பையனா இருந்தப்போ சீஹார்ஸ்ங்கிற கப்பல்ல மெட்ராஸ் வரைக்கும் வந்து போனவர், நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இதைச் சொன்னா கொஞ்சம் ஆர்வமா பாப்பாங்க.) உயரமானவங்க தலையைக் குனிஞ்சே நடங்க, உத்தரத்துல இடிச்சுக்கிட்டு "ஆ"ன்னு கத்துற சத்தம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்கும்.

ஒன்னு முன்னாடியே சொல்லிடுறேன். விக்டரில இப்போ பல வருஷத்துக்கு நடக்குற பெரிய ரிப்பேர் ஓடிட்டு இருக்கு. சாரம் கட்டி மூடி வச்சிருக்காங்க. கூகுள்ல பாக்குற மாதிரி மூணு மாஸ்ட்டும் கயிறுமா முழுசா நிக்குற போட்டோ கிடைக்காது. அதுக்காக மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க, உள்ள போகலாம், பழைய பலகையை எப்படி உரிச்சு எடுக்குறாங்கன்னு பாக்குறதுக்கு இதுதான் சான்ஸ்.

ரெண்டாவது மேரி ரோஸ். ஒரே ஒரு இடம்தான் பாக்க நேரம் இருக்குன்னா என்னைக் கேட்டா இதைத்தான் சொல்லுவேன், விக்டரியை இல்ல. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியோட கப்பல், 1545 ஜூலை 19ல இந்த ஊர் முன்னாடி இருக்குற கடல்லயே முழுகிருச்சு, 1982 அக்டோபர் 11ல தூக்கினாங்க. சேத்துக்குள்ள புதைஞ்சிருந்த ஒரு பக்கம் மட்டும்தான் மிச்சம், அதனால கப்பலை நீளவாக்குல வெட்டி வச்ச மாதிரி எல்லா தளமும் ஒரே பார்வைல தெரியுது. நீங்க நடக்குற பாதைக்கு ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் கண்ணாடிக்குள்ள கப்பல்ல கிடைச்ச சாமான் அந்தந்த தளத்துலயே எங்க இருந்துச்சோ அங்க அடுக்கியிருக்காங்க. அதனால ரெண்டு பக்கமும் மாறி மாறி பாத்துட்டே நடங்க, வேகமா போறவங்க ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு வந்துருவாங்க.

சாமான்னா 19,000க்கு மேல எடுத்திருக்காங்க. பீரங்கி எல்லாம் எங்கயும் பாக்கலாம், நீங்க பேன் சீப்பு இருக்குற இடத்துல நின்னு பாருங்க. நம்ம வீட்ல இருந்த ரெண்டு பக்கமும் பல்லு உள்ள அதே மரச் சீப்பு, ஒரு பக்கம் நெருக்கமா ஒரு பக்கம் அகலமா. சிலதுல பேன் கூட அப்படியே ஒட்டிட்டு இருந்துச்சாம். வைத்தியரோட பெட்டி, தாயக்கட்டை, ஹாட்ச்னு பேர் வச்ச கப்பல் நாயோட எலும்புக்கூடு எல்லாம் இருக்கு. கப்பல்ல இருந்தவங்க ஐநூறு பேரு கிட்ட, பிழைச்சது முப்பத்தஞ்சு பேரு கூட இல்ல. உள்ள வெளிச்சம் கம்மி, கண்ணு பழக ரெண்டு நிமிஷம் ஆகும், வாசல்லயே ஒதுங்கி நின்னு பழகிட்டு போங்க. இதுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க.

மூணாவது சாப்பாடு, அதுவும் ஒரு மணிக்கு முன்னாடியே. ஒரு மணிக்கு கேன்டீன்ல உக்கார இடம் இருக்காது. கட்டுச்சோறு கொண்டு போறவங்க வெளிய பெஞ்சுல சாப்பிடலாம், ஆனா கடல்காக்கா மேல ஒரு கண்ணு இருக்கட்டும், கையில இருக்குற சப்பாத்தி ரோலைப் பறிச்சுட்டு போயிரும், சும்மா சொல்லல.

நாலாவது ஹார்பர் படகு சுத்து. முக்கால் மணி நேரம். சாப்பிட்ட கையோட உக்காந்து பாக்குறதுக்கு இதான் வசதி, நடந்த காலுக்கும் ஓய்வு. இன்னிக்கு வேலைல இருக்குற போர்க்கப்பல்களைக் கிட்ட இருந்து காட்டுவாங்க. க்வீன் எலிசபெத், ப்ரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ரெண்டு விமானம் தாங்கிக் கப்பலுக்கும் இதுதான் சொந்த ஊர், 280 மீட்டர் நீளம், ஊர்ல இருந்தா படகுல இருந்து அண்ணாந்து பாக்கணும். காத்து அதிகமா இருந்தா படகை நிறுத்திருவாங்க, அதனால காலைல உள்ள வரும்போதே இன்னிக்கு ஓடுதான்னு கேட்டு வச்சுக்கோங்க.

கடைசியா வாரியர். 1860ல மிதக்க விட்டது, இரும்பு உடம்பு, விக்டரிக்கும் இதுக்கும் நூறு வருஷம் கூட இடைவெளி இல்ல ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல பாத்தா நம்பவே முடியாது. இங்க இடம் தாராளமா இருக்கு, கூட்டம் வந்தாலும் இடிக்காது, அதனாலதான் மதியத்துக்கு மேல வச்சேன். பீரங்கிக்கு நடுவுல சாப்பாட்டு மேசை தொங்குறதைப் பாருங்க, அப்புறம் கீழ பாய்லர் ரூம் வரைக்கும் இறங்கிட்டு வெளிய வாங்க. மூணரை நாலு மணிக்குள்ள டாக்யார்ட் முடிஞ்சிரணும். குளிர்காலத்துல மூடுற நேரம் இன்னும் முன்னாடி.

5. ஸ்பின்னக்கர் டவர்: டிக்கெட் முன்னாடியே எடுக்கணுமா?

எடுக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். 170 மீட்டர் டவர், 100 மீட்டர் உயரத்துல கண்ணாடித் தரை, பசங்களுக்குப் பிடிக்கும். ஆனா மேகமூட்டமா இருந்தா மேல போய் வெள்ளைச் சுவரைப் பாத்த மாதிரிதான். கீழ நின்னு எதிர்க்க ஐல் ஆஃப் வைட் தீவு தெளிவா தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா போங்க, தெரியலன்னா அந்தக் காசுக்கு கன்வார்ஃப்ல ஐஸ்க்ரீம் சாப்பிடலாம். கன்வார்ஃப் கடைங்களுக்குள்ள மட்டும் ஜாக்கிரதை, "பத்து நிமிஷம் பாத்துட்டு வந்துடுறோம்"னு போற சித்தியும் அத்தையும் இருட்டின அப்புறம்தான் வெளிய வருவாங்க. ஷாப்பிங்கை நாள் கடைசிக்கு தள்ளுங்க, ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு.

6. பழைய போர்ட்ஸ்மவுத் நடை

கன்வார்ஃப்ல இருந்து தெற்க நடக்க ஆரம்பிங்க. தரையில சங்கிலி டிசைன் பதிச்சிருப்பாங்க, அதைப் பாத்துட்டே போனா வழி கேக்க வேண்டாம். மேப்பை நம்பி மெயின் ரோடு வழியா போனா நேரம் மிச்சம்னு காட்டும், ஆனா தண்ணி ஓரம் போற வழி அதுல விட்டுப் போயிரும்.

ப்ராட் ஸ்ட்ரீட் பக்கம் வந்ததும் ரவுண்ட் டவர் மேல ஏறுங்க. 1418ல கட்ட ஆரம்பிச்சது, ஏற காசு இல்ல. துறைமுகத்தோட வாய் இங்க ரொம்பக் குறுகல். ஃப்ரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போற பெரிய ஃபெர்ரி இந்தச் சுவருக்கு முன்னாடி உரசிட்டு போற மாதிரி போகும், மேல் தளத்துல நிக்குறவங்க கை காட்டினா முகம் தெரியும். முதல் ஸ்டெப்ல சொன்ன கப்பல் லிஸ்ட் இதுக்குத்தான். ஒரு பெரிய கப்பல் வர்ற நேரத்துக்கு பத்து நிமிஷம் முன்னாடி மேல போய் நின்னுக்கோங்க. சும்மா போய் நின்னா வெறும் தண்ணிதான். விமானம் தாங்கிக் கப்பல் கிளம்புற நாள்ல ஊரே இங்க நிக்கும், அன்னிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வந்தாத்தான் இடம்.

சுவரு மேலயே நடந்தா ஹாட் வால்ஸ், கீழ வளைவுக்குள்ள ஓவியர்கள் ஸ்டூடியோவும் காபி கடையும் இருக்கு. அப்படியே கொஞ்ச தூரத்துல ஒரு பகுதிக்கு கூரை இல்லாத சர்ச் வரும், ராயல் காரிசன் சர்ச், 1941 ஜனவரி குண்டு வீச்சுல அந்தக் கூரை போனது. முக்கால்வாசிப் பேரு இடிஞ்ச கட்டடம்னு தாண்டிப் போயிருவாங்க. 1662 மே மாசம் இங்கிலாந்து ராஜா ரெண்டாம் சார்லஸ் போர்ச்சுகல் இளவரசி கேத்தரினைக் கல்யாணம் பண்ணினது இந்த ஊர்ல, இந்த சர்ச்சை ஒட்டி இருந்த மாளிகைலதான். அந்தக் கல்யாணச் சீர்ல ஒன்னா போன ஊர்தான் பம்பாய். 1668ல ராஜா அதை வருஷத்துக்கு 10 பவுண்டு வாடகைக்கு கிழக்கிந்தியக் கம்பெனிகிட்ட விட்டுட்டாரு. வரதட்சணை பத்தி மாமனார் பேச ஆரம்பிச்சா கதையை இங்க நின்னு சொல்லலாம்.

சாப்பாட்டுக்கு ப்ராட் ஸ்ட்ரீட் முனைல இருக்குற பப்புங்க நல்லா இருக்கும், தண்ணியை ஒட்டியே உக்காரலாம். வெஜிடேரியன்ஸ் சிப்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி எந்த எண்ணெய்ல பொரிக்கிறாங்க, மீன் பொரிச்ச அதே சட்டியான்னு கேட்டுக்கோங்க, கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்க.

7. சவுத்ஸீ: நேரமும் காலும் இருந்தா மட்டும்

சர்ச்ல இருந்து கடல் ஓரமா இன்னும் ஒரு அரை மணி நேரம் நடந்தா சவுத்ஸீ கேசில், 1544ல கட்டின கோட்டை. பக்கத்துல டி டே ஸ்டோரி மியூசியம் (ரெண்டாம் உலகப் போர்ல, 1944 ஜூன் 6ல நேச நாட்டுப் படைங்க கடல் தாண்டி ஃப்ரான்ஸ்ல இறங்கின நாள்தான் டி டே), வெளிய நிக்குற எல்சிடி 7074 கப்பல் அந்தப் படையெடுப்புக்கு டேங்குகளை ஏத்திட்டுப் போனது. அந்த வகைல டி டேல போனதுல மிச்சம் இருக்குறது இது ஒன்னுதான். மியூசியமும் சாயங்காலம் மூடிரும்ங்கறதால டாக்யார்ட் பாத்த அதே நாள்ல இதை சேக்காதீங்க, ரெண்டாவது நாளுக்கு வைங்க.

பீச்னதும் மெரினா மாதிரி மணல்னு நினைச்சு பசங்களுக்கு மண்வெட்டி வாளி எல்லாம் வாங்கிட்டு வர்றவங்க இருக்காங்க. இங்க முழுக்க கூழாங்கல். வெறுங்கால்ல நடக்க முடியாது. கடல் தடுப்புச் சுவர் வேலை நடக்குறதால சில இடத்துல பாதையை மாத்தி விட்டிருப்பாங்க, போர்டைப் பாத்து சுத்திப் போங்க.

8. ஐல் ஆஃப் வைட் போற ஐடியா இருந்தா

அதுக்குத் தனி நாள் வேணும், அதை விடுங்க. ஆனா எங்க ஏறணும்ங்கறதுல நிறைய குழப்பம். மூணு விதமான சர்வீஸ், மூணும் மூணு இடத்துல. ஆள் மட்டும் போற வேகப் படகு ஹார்பர் ஸ்டேஷனை ஒட்டியே கிளம்பும், ரைடு வரைக்கும் 22 நிமிஷம். கார் ஏத்துற ஃபெர்ரி கன்வார்ஃப் பக்கம் தனித் துறை, அது ஃபிஷ்போர்னுக்கு போகும். காத்து மெத்தை மேல தண்ணிலயும் கரையிலயும் ஓடுற ஹோவர்க்ராஃப்ட் சவுத்ஸீ பீச்ல இருந்து, 10 நிமிஷத்துல ரைடு. எந்த சர்வீஸுக்கு டிக்கெட் எடுக்குறீங்கன்னு பாத்து எடுங்க. ஏறாட்டியும் பரவால்ல, ஹோவர்க்ராஃப்ட் கல்லு மேல ஏறி வந்து பொத்துன்னு உக்கார்றதை பசங்களுக்கு காட்டிட்டு வாங்க, வேடிக்கை பாக்க காசா பணமா.

9. ரெண்டாவது நாள் கிடைச்சா

ஹார்பர் ஸ்டேஷன் பக்கத்துல இருந்து சின்ன ஃபெர்ரி ஏறி நாலு நிமிஷத்துல கோஸ்போர்ட். அங்க சப்மரீன் மியூசியம், எச்எம்எஸ் அலையன்ஸ்ங்கிற நீர்மூழ்கிக்குள்ளயே நடந்து போகலாம். சப்மரீன்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவங்க அங்க நின்னு விளக்குவாங்க, கேள்வி கேளுங்க, விடாம பேசுவாங்க. மூச்சு முட்டுற மாதிரி இடம் பிடிக்காதவங்க மட்டும் வெளிய இருங்க. உங்க டாக்யார்ட் டிக்கெட்லயே இது சேருதான்னு முதல்ல பாருங்க, சேர்ந்தா தனியா காசு கட்ட வேண்டாம்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1812ல பிறந்த வீடு டவுனோட வேற பக்கத்துல இருக்கு, எல்லா நாளும் திறக்க மாட்டாங்க. நாள் பாக்காம போய் பூட்டின கதவு முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு வர்றவங்கதான் அதிகம்.

10. திரும்பி வர்றப்போ

ஹார்பர் ஸ்டேஷன்லயே ஏறுங்க, அதுதான் கிளம்புற இடம்ங்கறதால சீட் கிடைக்கும். அடுத்த ஸ்டேஷன்ல ஏறினா கார்னர்ல நின்னுட்டுதான் வரணும், அதுவும் சனிக்கிழமை சாயங்காலம்னா கில்ட்ஃபோர்டு வரைக்கும். சவுத்ஸீல நாளை முடிச்சவங்க நடக்காம பஸ் பிடிச்சு ஹார்பர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருங்க. ட்ரெயின் ஏறுறதுக்கு முன்னாடி தண்ணி பாட்டில், சாப்பிட ஏதாச்சும் வாங்கிக்கோங்க, ராத்திரி ட்ரெயின்ல ஒன்னும் விக்க மாட்டாங்க.